படிக்க ஓர் இடம், படுக்க ஓர் இடம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி, கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

கல்வியைப் பற்றிப் பேசுங்கள் என்று செயற்குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. கல்வியின் சிறப்பை இந்த மேடையில் அறிஞர்கள் பலர் பேசியிருக்கிறார்கள். ஆகவே அதிகம் பேசப்படாத ஒன்றை நாங்கள் எடுத்துக்கொண்டோம். படிக்கப் போகிற பிள்ளை எங்கே தங்குவது என்பதே அது.

எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்று செய்தி வருகிறது. அன்று வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். மறுநாள் காலையிலேயே பேச்சு மாறிவிடுகிறது. "பிள்ளை எங்கே தங்கும்? யாரோடு தங்கும்? சாப்பாட்டுக்கு என்ன வழி?" மகளாக இருந்தால் அத்தா ஒருமுறை கேட்பார், உம்மா பத்துமுறை கேட்பார். இந்தக் கேள்விக்கு நல்ல விடை இல்லாவிட்டால், கிடைத்த இடத்தையே வேண்டாம் என்று சொல்லிவிடும் வீடும் உண்டு. ஆகவே படுக்க ஓர் இடம் என்பதைச் சிறிய விஷயமாக நாம் நினைக்கக் கூடாது. படிப்பு தொடர்வதும் நிற்பதும் பல நேரம் அதைப் பொறுத்தே இருக்கிறது.

பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்கள் சேர்ந்து வாழும் கட்டடத்தை மலாயில் 'கோலேஜ் கெடியாமான்' என்பார்கள். நாம் தங்கும் கல்லூரி என்று சொல்லலாம். இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். இதன் கதை அதைவிட நீளமானது. அந்தக் கதையில் நம் முன்னோர்களுக்கும் பங்கு உண்டு.

நம் தாய்மண்ணிலிருந்தே தொடங்குவோம். பீகாரில் உள்ள நாளந்தாவை அகழ்ந்து பார்த்தபோது, நடுவில் திறந்த முற்றமும் அதைச் சுற்றி வரிசையாகச் சிறு அறைகளும் கொண்ட கட்டடங்கள் பல வெளிப்பட்டன. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்து தங்கிப் படித்தது அங்கேதான். தமிழ்நாட்டில் விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊரில் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நாள்தோறும் இவ்வளவு நெல் என்று அது அளந்து சொல்கிறது. படிக்க வந்த பிள்ளையின் பசிக்கும் வழி செய்ய வேண்டும் என்பதை அந்தக் காலத்துத் தமிழர்கள் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

இஸ்லாமிய உலகத்தில் இது பெரிய ஏற்பாடாகவே வளர்ந்தது. பக்தாதில் செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் கட்டிய நிஜாமிய்யா மத்ரஸா 1067-இல் திறக்கப்பட்டது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் 1091 முதல் சில ஆண்டுகள் பாடம் நடத்தியது அங்கேதான். அதே பக்தாதில், தஜ்லா ஆற்றங்கரையில், 1234-இல் திறக்கப்பட்ட முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸா இன்றும் நிற்கிறது. நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றி இரண்டு அடுக்குகளில் அறைகள். நான்கு மத்ஹபு மாணவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. ஷாஃபியும் ஹனஃபியும் ஒரே வரிசையில் நின்று தொழும் நம் சங்கத்தாருக்கு அதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போனவர்கள் அத்தாரீன் மத்ரஸாவையும் பூ இனானிய்யா மத்ரஸாவையும் பார்க்காமல் திரும்ப மாட்டார்கள். முன்னது 1325-இல் முடிந்தது. பின்னது 1350-களில் எழுந்தது. தெருவிலிருந்து வாசலைத் தாண்டினால் முற்றம். முற்றத்தின் நடுவே தண்ணீர். நேர் எதிரே தொழும் இடம். மாணவர் அறைகள் முற்றத்தைப் பார்த்தபடி அமைந்திருக்கும். மர்ராகிஷ் நகரில் 1565-இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட இப்னு யூசுஃப் மத்ரஸாவில் சுமார் 130 அறைகள். ஒருவர் படுத்து எழ, ஒரு பெட்டியையும் கிதாபுகளையும் வைக்க மட்டுமே போதுமான அறைகள் அவை. மலைகளிலிருந்தும் பாலைவனத்திலிருந்தும் நடந்து வந்த ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சிறு அறை எவ்வளவு பெரிய நிம்மதி!

இந்த அறைகளுக்கும் ரொட்டிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வக்ஃபிலிருந்து வந்தது. கடைகள், குளியலகங்கள், தோட்டங்கள் ஆகியவற்றை மத்ரஸாவின் பெயரில் எழுதிவைத்தார்கள். வாடகை வந்துகொண்டே இருக்கும். மாணவன் படித்துக்கொண்டே இருப்பான். பூ இனானிய்யாவின் தெருப்பக்கத்தில் கடைகளையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். எழுதிவைத்தவர் மௌத்தான பிறகும் கடை வாடகை நிற்கவில்லை. சதக்கத்துல் ஜாரியா என்று நாம் சொல்லும் நிலையான தர்மத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

கெய்ரோவின் அல்அஸ்ஹரில் மாணவர்கள் ஊர்வாரியாகத் தங்கிய பகுதிகளை 'ரிவாக்' என்பார்கள். மக்ரிபிகளுக்கு ஒன்று, சிரியாக்காரர்களுக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று என்று இருந்த அவற்றில் 'ரிவாக் ஜாவி' என்பதும் ஒன்று. 'ஜாவி' என்றால் இந்தத் தென்கிழக்கு ஆசிய மண்ணிலிருந்து போனவர்கள். கப்பலேறி வந்த பிள்ளை, தன் மொழி பேசும் ஒருவரைக் கண்டு நெஞ்சு ஆறிய இடம் அது.

ஐரோப்பாவுக்கு வருவோம். ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் கல்லூரி 1264-இல் நிறுவப்பட்டது. அதன் பழைய சதுர முற்றத்தைச் சுற்றி அறைகள், ஒரு பக்கம் நூலகம், அருகில் வழிபாட்டிடம், சேர்ந்து உண்ணும் கூடம். பெயர்களை எடுத்துவிட்டு வரைபடத்தை மட்டும் பார்த்தால், ஃபெஸ் மத்ரஸாவின் உறவுக்காரர் மாதிரித் தெரியும். அறக்கொடையால் நடக்கும் கல்லூரி என்ற ஏற்பாடு வக்ஃபிலிருந்து ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்று ஜார்ஜ் மக்தீசி என்ற அறிஞர் 1981-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். எல்லா வரலாற்று ஆசிரியர்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கடன் வாங்கினார்களோ தாமாகவே கண்டார்களோ, இரண்டு இடத்திலும் தேவை ஒன்றுதான். தூரத்திலிருந்து வந்தவனுக்குக் கூரை வேண்டும், கூட்டு வேண்டும், கண்காணிக்க ஒரு பெரியவர் வேண்டும்.

இந்த இரண்டு வழிகளையும் ஒரே இடத்தில் சேர்த்தவர் சர் சையது அகமது கான். 1869-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜைப் பார்த்துத் திரும்பிய அவர், அலிகாரில் கல்லூரிக்கு 1877-இல் அடிக்கல் நாட்டச் செய்தார். பெரிய முற்றத்தைச் சுற்றி மாணவர் அறைகளும், உள்ளேயே பள்ளிவாசலும் எழுந்தன. ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். கொடுத்தவர்களின் பெயர்களைக் கட்டடத்தின் கல்லில் பொறித்து வைத்தார். 1898-இல் மறைந்த அவர் அந்தப் பள்ளிவாசலின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1920-இல் அந்தக் கல்லூரி பல்கலைக்கழகமானது.

அலிகாருக்கு நம் தென்னகம் பின்தங்கிவிடவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் உருவானது. சென்னைப் புதுக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் 1951-இல் தொடங்கின. சமுதாயக் கொடையில் எழுந்த கல்லூரிகள் இவை. கடையநல்லூர், அதிராம்பட்டினம், இளையான்குடி, கூத்தாநல்லூர் என்று நம் குடும்பங்களின் பூர்வீக ஊர்களிலிருந்து பெட்டியும் பாயுமாக விடுதிக்குப் போனவர்கள் நம் உறவினர்களிலேயே இருப்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பெரிய மாமுவையோ பெரியத்தாவையோ கேட்டுப் பாருங்கள். பாடம் நடத்தியவரின் பெயர் மறந்திருக்கலாம். அறைத் தோழரின் பெயர் மறந்திருக்காது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஜொகூர் பாலம் திறந்தது 1924. அடுத்த நான்கே ஆண்டுகளில், 1928-இல், சிங்கப்பூர் புக்கித் தீமாவில் ராஃபிள்ஸ் கல்லூரி மாணவர்களைச் சேர்த்தது. வடிவமைப்புப் போட்டியில் வென்ற சிரில் ஃபேரி, கிரகாம் டாபர்ன் என்ற இருவரின் திட்டப்படி அது கட்டப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் சதுர முற்றத்தை எடுத்துக்கொண்டு, நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப வளைவுகள் கொண்ட அகன்ற தாழ்வாரங்களைச் சேர்த்தார்கள். நனையாமல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். ஜொகூரில் வளர்ந்த உங்கு அஜீஸ் அவர்கள் படித்தது அங்கேதான். பின்னாளில் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1968 முதல் 1988 வரை இருபது ஆண்டுகள் பணியாற்றினார். இன்று அங்குள்ள தங்கும் கல்லூரி ஒன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

ராஃபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் 1949-இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1959-இல் கோலாலம்பூர் பந்தாய் பள்ளத்தாக்கில் அதன் வளாகம் எழுந்தது. 1962-இல் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தன. பள்ளத்தாக்கின் மேடுகளில் தங்கும் கல்லூரிகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவதுக்குத் துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயர். இரண்டாவதுக்குத் துவாங்கு பாஹியா, மூன்றாவதுக்குத் துவாங்கு குர்ஷியா என்று அரசியரின் பெயர்கள். பிறகு பெஸ்தாரி, தாயாசாரி, இப்னு சீனா என்று வரிசை நீண்டது.

இவற்றில் ஐந்தாவதான தாயாசாரி 1960-களில் கட்டப்பட்டது. அதன் அறைகள் உள்முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. குளிர்சாதனம் இல்லாமலே காற்றும் வெளிச்சமும் வருகிற அதன் அமைப்பை அந்தப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் மாயம் ஒன்றுமில்லை. அறையின் இரண்டு பக்கமும் திறப்பு இருந்தால் காற்று ஊடே போகும். கூரை நீண்டிருந்தால் மழைச்சாரல் உள்ளே வராது. நண்பகல் வெயிலும் சுவரைச் சுடாது. முற்றத்தில் மரம் நின்றால் தரையும் சூடாகாது. நம் பூர்வீக ஊர்களின் முற்றம் வைத்த வீடுகளும் இந்த மண்ணின் கம்பத்து வீடுகளும் இதைத்தானே செய்தன?

முற்றத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஆட்களைச் சந்திக்க வைக்கும். குளிக்கப் போகிறவன், துணி காயப்போடுகிறவன், சூராவுக்குப் போகிறவன் எல்லாரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படுவார்கள். இரண்டு நாள் ஒரு பிள்ளை வெளியே வரவில்லையென்றால் யாராவது கதவைத் தட்டுவார்கள். இன்று எழும் பல மாடி விடுதிகளில் மின்தூக்கி இருக்கிறது, இணையம் இருக்கிறது. நீண்ட நடையின் இருபுறமும் மூடிய கதவுகள். பக்கத்து அறையில் காய்ச்சலில் கிடப்பவனைப் பற்றி யாருக்கும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. கட்டடம் செய்யாததை அங்கே மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

நம் வீட்டுக்கு அருகிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. மாசாயிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஸ்கூடாய். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், நம் பேச்சில் யு.டி.எம். அதன் வேர் 1904-இல் கோலாலம்பூரில் தொடங்கிய டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி. 1972-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமானது. 1975-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஸ்கூடாய் வளாகம் 1985 செப்டம்பர் 16-இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. பரப்பு 1,148 ஹெக்டர்.

அந்த வளாகத்துக்குள் போனால் ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் சுல்தான் இஸ்மாயில் பள்ளிவாசல், நீலக் குவிமாடங்களோடு. அதைச் சுற்றி நூலகம், நிர்வாகம், பாடக் கட்டடங்கள். அவற்றைச் சுற்றி வட்டச் சாலை. அதற்கு வெளியே தங்கும் கல்லூரிகள்: ரஹ்மான் புத்ரா, துன் ஃபாத்திமா, துன் ரசாக், துன் ஹுசைன் ஓன், துன் டாக்டர் இஸ்மாயில் என்று தேசத் தலைவர்களையும் மலாக்கா வீராங்கனையையும் நினைவூட்டும் பெயர்கள். ஃபெஸ் நகரில் ஒரு முற்றத்துக்குள் அடங்கிய அமைப்பு இங்கே ஒரு நகரமாகவே விரிந்திருக்கிறது. விரிந்ததற்கு ஒரு விலையும் உண்டு. மத்ரஸா மாணவன் இறங்கி நாலு எட்டு வைத்தால் பாடம். இங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது அறையை மட்டும் பார்க்காமல், அங்கிருந்து வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள்.

தங்கும் கல்லூரியில் நம் பிள்ளைக்குக் கிடைப்பது கூரை மட்டுமா? கிளந்தானிலிருந்தும் சபாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் வந்தவர்களோடு அவன் ஒரே அறையில் இருப்பான். தமிழ் முஸ்லிம் பிள்ளைக்கு அங்கே ஒரு தனிச் சோதனை உண்டு. மலாய் நண்பன் அவனைப் பார்த்து, "நீ இந்தியன்தானே?" என்பான். தமிழ் நண்பன், "நீங்க முஸ்லிம்தானே, தமிழ் விழாவுக்கு வருவீங்களா?" என்று கேட்பான். இரண்டு பக்கமும் பாதி வெளியே நிற்பது போல் ஓர் உணர்வு வரும். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: உங்களுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன, இரண்டிலும் நுழையுங்கள். சுபுஹுக்குச் சூராவில் முன்வரிசையில் நில்லுங்கள். மாலையில் தமிழ் நிகழ்ச்சியிலும் முன்வரிசையில் உட்காருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையினர் சிறுகதைப் போட்டி நடத்தி, 'பேரவைக் கதைகள்' என்ற தொகுப்பை வெளியிட்டு வருகிறார்கள். மாணவர்கள் தமிழுக்குச் செய்கிற அந்தப் பணியில் நம் பிள்ளைகளின் பெயரும் வரட்டும். அறைத் தோழர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள நீங்கள் பாலமாக இருங்கள். அந்த வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

சரி, இன்றைய நிலவரம் என்ன? அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை கிடைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டுகளில் பல இடங்களில் புறப்பாட நடவடிக்கைகளில் பெற்ற புள்ளிகளைப் பார்த்தே அறை தருகிறார்கள். புள்ளி போதாவிட்டால் வெளியே வீடு தேட வேண்டும். முன்பணம், மாத வாடகை, மோட்டார் சைக்கிள், பெட்ரோல் என்று செலவு ஏறிவிடும். பி.டி.பி.டி.என். கடன் வாங்குகிற குடும்பத்துக்கு இது சுமைதான். ஆகவே மாணவர்களே, மன்றம், விளையாட்டு, தொண்டு என்று முதலாண்டிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள். அது உங்கள் படுக்கையைக் காப்பாற்றும்.

இன்னொன்று. பிள்ளைகள் மாசாயிலிருந்து போவது மட்டுமல்ல, மாசாய்க்கு வந்தும் படிக்கிறார்கள். பண்டார் ஸ்ரீ ஆலமில் யுனிகேஎல் கல்விக்கழகம் இருக்கிறது. வெளிமாநிலப் பிள்ளைகள் நம் தாமான்களில் வீடெடுத்துத் தங்குகிறார்கள். யாரோ பெற்ற பிள்ளைக்கு நாம் எப்படி அண்டை வீட்டாராக இருக்கிறோமோ, அப்படித்தான் தொலைவில் நம் பிள்ளைக்கும் ஒருவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இதையெல்லாம் மனத்தில் வைத்து, பொன்விழாவில் சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, மாணவர் தங்குமிட நிதி. இதுவரை உதவிகளைப் படிப்புக் கட்டணம், புத்தகம் என்றே எண்ணி வந்திருக்கிறோம். இனி படுக்கைக்கும் ஒரு கணக்குத் தொடங்குவோம். இது வக்ஃபாக அமைந்தால் இன்னும் சிறப்பு. ஜொகூரில் வக்ஃபுக்கு மாநில இஸ்லாமிய சமய மன்றமே அறங்காவலர். ஆகவே அவர்கள் வழியாக முறைப்படி செய்ய வேண்டும். 2006-இல் ஜொகூர் கார்ப்பரேஷன் தன் குழும நிறுவனங்களின் பங்குகளையே வக்ஃபு செய்த மாநிலம் இது. கடை வாடகையில் மாணவனுக்கு ரொட்டி கொடுத்த ஃபெஸ் நகரத்து வழி நமக்கும் எட்டாதது அல்ல. கடை வைத்திருப்பவர்கள் நம்மில் குறைவா என்ன?

இரண்டாவது, நல்ல வீடுகளின் பட்டியல். மாணவர்களுக்கு நியாயமான வாடகையில் வீடோ அறையோ தரக்கூடிய உறுப்பினர்கள் பெயர் கொடுக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று நம் மகளிர் அணி நேரில் பார்த்துச் சொல்லட்டும். மற்ற ஊர்களில் உள்ள நம்மவர் சங்கங்களிடமும் இதே உதவியைக் கேட்போம்.

மூன்றாவது, மூத்த மாணவர் துணை. ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ புதிதாகப் போகும் பிள்ளையை முதல் வாரம் அழைத்துச் சென்று, சூராவ் எங்கே, கடை எங்கே, மருந்தகம் எங்கே என்று காட்ட வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, மனம் போதும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மகளைத் தூரத்துக்கு அனுப்ப உங்கள் மனம் தயங்குவதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் தயக்கத்தோடு வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். போய்ப் பாருங்கள். வாசலில் காவலர் இருக்கிறாரா, கல்லூரியிலேயே குடியிருக்கும் ஃபெலோ யார், இரவில் நடைவழிகளில் விளக்கு எரிகிறதா, அவசர வழி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நேரில் பார்த்துத் திரும்பிய உம்மாவின் முகத்தில் வருகிற தெளிவை ஆயிரம் பேச்சாலும் கொடுக்க முடியாது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்று விரும்பினார்கள். அவர்கள் விதைத்த நிழலில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த ஐம்பது ஆண்டுகளில், படிக்க இடம் கிடைத்தும் படுக்க இடமில்லாமல் திரும்பிவந்த பிள்ளை நம் ஊரில் ஒன்றுகூட இல்லை என்று நம் பேரப்பிள்ளைகள் சொல்ல வேண்டும். அந்த நற்செயலுக்கு இன்றே நிய்யத் வைப்போம். அல்லாஹ் அதை ஏற்று, நிறைவேற்றித் தருவானாக. ஆமீன்.